பகலில் தண்ணீர் குடிக்காதவர்

மருமகன் இடுக்கியால் தர்பூசணித் துண்டிலிருந்து விதைகளை எடுத்துக்கொண்டிருந்தபோது, கட்டிலில் இருந்தபடியே மாமனார் அது வேண்டாம், ரொட்டி இருந்தால் போதும் என்றார். மோட்டாருக்குக் கம்பி சுற்றும் வைண்டிங் வேலையில் மெல்லிய செம்புக் கம்பியைப் பிடிக்க அவன் வாங்கிய இடுக்கிகளில் ஒன்று அது. அதைப் பழத்துக்கென்றே ஒதுக்கி, வெந்நீரில் கழுவி, சமையலறையில் வைத்திருந்தான். மேசை விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு பழத்துக்கு ஆபரேஷன். முடிகிற நேரத்தில் நோயாளி தேவையில்லை என்கிறார்.

அவன் கடைசி விதையையும் எடுத்துவிட்டுத் தட்டை மூடிவைத்தான். ரொட்டி எடுக்கப் போனான்.

மோட்டாரைத் தவிர உலகத்தில் வேறொன்றும் தெரியாதவன் என்று மனைவியிடம் பெயர் வாங்கியவன், மாமனார் விழுந்து படுத்ததிலிருந்து பாதி நர்ஸ் ஆகியிருந்தான். வயதானால் தாகமே தெரியாது, கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பெரிய டம்ளரைப் பார்த்தாலே மலைப்பு வரும், சின்னக் கோப்பையில் அடிக்கடி கொடுக்க வேண்டும். முட்டையும் பருப்பும் தயிரும் போகவில்லையென்றால் காலில் இருக்கிற சதையும் கரைந்துவிடும். தட்டு நிறைய வைத்து மிரட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக வைக்க வேண்டும். வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் சொன்னதெல்லாம் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அவனே தலைகீழாக நின்று தண்ணீர் குடித்துக் காட்டினாலும் மாமனார் பகலில் ஒரு மடக்குக்கு மேல் குடிக்க மாட்டார். சூப் வைத்தால் வயிறு நிறைந்துவிட்டது என்பார். வெள்ளரிக்காய் வைத்தால் பல் கூசுகிறது என்பார். பழச்சாறு சளி பிடிக்குமாம். ரொட்டி, பிஸ்கட், முறுகலாகப் பொரித்த முட்டை, இவற்றுக்கு மட்டும் தடையில்லை. மாமாவுக்குக் காய்ந்ததுதான் பிடிக்கும் என்று வீட்டில் ஒரு முடிவுக்கே வந்துவிட்டார்கள்.

காரணமும் அவரே சொல்லியிருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். காலையில் கேபினுக்கு ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவார். நடுவில் ஒன்றுக்கு வந்தால் அவ்வளவு உயரத்திலிருந்து எங்கே போவது? அதனால் பகல் முழுக்கத் தண்ணீரைத் தொடாமலே உடம்பைப் பழக்கிவிட்டாராம். உடம்பு இன்னும் கேபினிலேயே இருக்கிறது மாப்பிள்ளை என்று சிரிப்பார். மருமகன் அதை டாக்டரிடம் சொன்னான், நர்ஸிடம் சொன்னான், மோட்டாரைச் சரிபண்ணக் கொண்டுவந்தவர்களிடமும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

மகள் கொடுத்தால் மட்டும் குடித்தார். அதுதான் வீட்டில் பெரிய சங்கடம். அவள் பஸ் டிப்போவில் டைம்கீப்பர், விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாள். வந்ததும் வராததுமாக அப்பாவுக்குத் தண்ணீர் கொடுப்பாள். கடகடவென்று குடிப்பார். மூடிவைத்த தர்பூசணியைத் தின்பார். மிச்சமிருந்த சூப்பைக் கேட்டு வாங்குவார். மருமகன் வாசல் அறையில் பாதி சுற்றிய மோட்டாரோடு உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. நீங்கள் கோப்பையை வைத்துவிட்டு மோட்டாரைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்கள், அவர் எப்படிக் குடிப்பார் என்றாள். இரண்டாவது முறை மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றியபோது, அங்கேயே எல்லோருக்கும் நடுவில், "பகல்ல நீங்கதானே இருக்கீங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு அவன் அவளோடு வாதாடுவதை விட்டுவிட்டான்.

நேற்று நர்ஸ் வந்து பெரியவரின் நெஞ்சுத் தோலைக் கிள்ளிப் பார்த்தாள். கிள்ளிய மடிப்பு போகாமல் அப்படியே நின்றது. நாக்கு காய்ந்த தோல்போல இருந்தது. பேச்சும் அங்கங்கே தடுமாறியது. நாளை மறுநாள் காலையில் மறுபடி வருவேன், இப்படியே இருந்தால் ஆஸ்பத்திரிதான், வேறு வழியில்லை என்றாள். அவள் போனதும் பெரியவர் மருமகனின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, "அங்க மட்டும் திரும்ப அனுப்பாதீங்க மாப்பிள்ளை" என்றார். அனுப்பக் கூடாதென்றால் குடிக்க வேண்டும் மாமா என்றான். சரி என்றார். இன்று காலையிலிருந்து குடித்தது, மாத்திரை விழுங்கத் தொட்டுக்கொண்டது மட்டும்தான்.

ஆக இந்த ஒரு பகல்தான் அவன் கையில் இருந்தது.

ரொட்டியைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. துறைமுகத்தில் மாமனாரோடு வேலை பார்த்த சிக்னல்காரர். கிரேன் மேலே இருக்கும்போது கீழே நின்று கையசைத்து, தூக்கு, நிறுத்து, இறக்கு என்று காட்டுகிற வேலை. ஓய்வு பெற்றும் அந்தக் கை ஓயவில்லை. பேசும்போதெல்லாம் காற்றில் எதையோ ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கும். வெயிலில் நடந்து வந்தவர் உட்காருவதற்கு முன்னாலேயே தண்ணீர் கேட்டார். மருமகன் சொம்போடு கொடுத்தான். முழுக்கக் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார்.

மருமகன் கொஞ்சம் ஆற்றாமையோடு, மாமாவுக்கு நீங்களாவது சொல்லுங்கள், கிரேனில் பழகின பழக்கத்தை இன்னும் விட மாட்டேன் என்கிறார் என்றான்.

"என்ன பழக்கம்?" என்றார் சிக்னல்காரர்.

பகலில் தண்ணீர் குடிக்காத பழக்கம் என்றான்.

சிக்னல்காரர் கட்டிலைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு தொடையில் தட்டிச் சிரித்தார். "இவனா? தண்ணிக் கேன் இல்லாம இவன் ஏணியில கால் வைக்க மாட்டானே. மத்தியானத்துக்குள்ள அது காலியாகும். மேல இருந்து கயிறு விடுவான், நான்தான் இன்னொண்ணு ரொப்பிக் கட்டி அனுப்பணும். அந்த வெயில்ல, கண்ணாடிக் கூண்டுக்குள்ள குடிக்காம இருந்தா வெந்துல்ல போவான்." அப்புறம் குரலைத் தாழ்த்தி, ஒன்றுக்குப் போவதற்கும் மேலேயே ஒரு டப்பா உண்டு, அதையும் அதே கயிற்றில்தான் இறக்குவான், காற்றடிக்கிற நாளில் நான் தள்ளி நின்றுகொள்வேன் என்றார்.

மருமகனும் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே மாமனாரைத் திரும்பிப் பார்த்தான். அவர் சிரிக்கவில்லை. சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார்.

சிக்னல்காரர் இன்னும் கொஞ்ச நேரம் யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்ற கதையெல்லாம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். மருமகன் அவரை வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பி வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றான். அங்கே நடுவில் ஓட்டை வைத்த நாற்காலி இருந்தது. அடியில் மூடி போட்ட பாத்திரம். விழுந்த பிறகு கழிப்பறைவரை நடக்க முடியாமல் போனதும் வாங்கியது. இரவில் மகள் அவர் பக்கத்தில் படுத்துக்கொண்டு, அவரைப் பிடித்து உட்காரவைத்து, பாத்திரத்தைக் கழுவி வைப்பாள். பகலில் அந்தப் பாத்திரம் காய்ந்தே கிடக்கும். பகலில் தொந்தரவே இல்லை, குழந்தைமாதிரி இருக்கிறார் என்று இவன் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறான்.

சொன்ன வாயை என்ன செய்வதென்று இருந்தது. நாற்காலியை இழுத்து, ஓட்டையைப் பலகையால் மூடி, அதன்மேலேயே உட்கார்ந்தான்.

"மாமா, இதுக்குத்தானா?"

அவர் சுவரைப் பார்த்தபடியே பேசினார். குரல் கரகரத்தது.

"பொண்ணு எடுத்துக் கழுவுறா. அவ சின்னதா இருந்தப்போ நான் கழுவியிருக்கேன், கணக்கு சரியாப் போச்சு. நீங்க யாரு? இந்த வீட்டு மாப்பிள்ளை. நீங்க வந்தா எழுந்து நிக்க வேண்டியவன் நான். எழுந்திரிக்கத்தான் முடியல. நீங்க அந்தப் பாத்திரத்தைத் தூக்கிட்டுப் போறத வேற நான் படுத்துக்கிட்டுப் பாக்கணுமா?"

மருமகனுக்குச் சட்டென்று கோபம் வந்தது. இந்த மரியாதையை இவரிடம் யார் கேட்டார்கள்? இதற்காகவா இரண்டு தடவை ஆஸ்பத்திரி, இதற்காகவா அவளிடம் அத்தனை பேச்சு? அடுத்த நிமிடமே, கோபப்படவும் தெம்பில்லாமல் அது அடங்கிவிட்டது. மனிதர் பகல் முழுக்க வாயைக் கட்டி, அடக்கிக்கொண்டு, மகளின் செருப்புச் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்திருக்கிறார். மாப்பிள்ளைக்கு நாற்காலி போட்டு உபசரிக்க முடியாத குறையை இப்படித் தீர்த்திருக்கிறார்.

"மாமா, நான் என்ன தொழில் பண்றேன்?" என்றான்.

அவர் திரும்பினார்.

"நான் மிக்ஸியும் ஃபேனும் சரிபண்றதுதான் உங்களுக்குத் தெரியும். கழிவுத் தண்ணி இறைக்கிற பம்ப் எத்தனை இந்தக் கையால கழட்டியிருக்கேன் தெரியுமா? மாடி மாடியா இருக்கிற வீட்டு அழுக்கெல்லாம் அதுக்குள்ளதான் அடைச்சிருக்கும். கை முழங்கைவரை உள்ள போகும். யாருன்னே தெரியாத ஆளுங்களோடது. அதுக்கெல்லாம் மூக்கப் பொத்தாதவன், உங்களுக்கா பொத்தப் போறேன்?"

பெரியவரின் வாய் ஒரு பக்கம் கோணியது. சிரிப்புதான். "பம்ப்போட என்னைச் சேத்துட்டீங்க" என்றார்.

"பம்ப்பும் தண்ணி இல்லாம ஓடினா உள்ள இருக்கிற கம்பிச் சுத்து கருகிடும் மாமா."

கோப்பையை எடுத்து நீட்டினான். அவர் வாங்கி, அவன் அடியில் தாங்கிப் பிடித்துக்கொள்ள, முழுக்கக் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு பெரிய மோட்டார் ஓடத் தொடங்கியபோதும் அவனுக்கு இத்தனை சந்தோஷம் வந்ததில்லை.

மறுபடி ஊற்றினான். குடித்தார். தர்பூசணித் தட்டை எடுத்தான். ஒவ்வொரு துண்டாக ஊட்டினான், சாறு மோவாயில் வழிந்தது, துடைத்தான். சூப்பைச் சூடு பண்ணி அதில் முட்டையை உடைத்துவிட்டுக் கலக்கிக் கொடுத்தான். பாதிக்குமேல் போயிற்று. பேச்சில்கூடத் தடுமாற்றம் குறைந்ததுபோல் அவனுக்குத் தோன்றியது. தோன்றியது மட்டும்தானோ என்னவோ.

கொஞ்ச நேரத்தில் அவர் படுக்கையில் நெளிந்தார். வாய்விட்டுக் கேட்கவில்லை. அவனே புரிந்துகொண்டு அக்குளில் கைகொடுத்துத் தூக்கினான். மனிதர் ஒரு துணி மூட்டை அளவுக்குத்தான் கனத்தார். பைஜாமா முடிச்சு அவிழ நேரமானது. அதற்குள் கொஞ்சம் நனைந்துவிட்டது. அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவன் வேறு பைஜாமா மாட்டிவிட்டான், பாத்திரத்தை எடுத்துப்போய்க் கழுவிக்கொண்டு வந்தான். வரும்போதும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"நனைச்சுக்கிட்டது பொண்ணு காதுக்குப் போக வேணாம். எங்கப்பா படுக்கையில விழுந்தும் ஒரு நாள் நனைச்சுக்கிட்டது இல்லன்னு சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கா. அவளுக்கு அது ஒரு பெருமை."

போகாது என்றான் அவன். அவர் தலையை ஆட்டினார். சாயங்காலம் அவள் வந்ததும் அவள் கண்ணெதிரிலேயே உங்கள் கையால் ஒரு கோப்பை வாங்கிக் குடிக்கிறேன் என்றார். அப்போதாவது உங்களைத் திட்டுவதை நிறுத்துகிறாளா பார்ப்போம் என்றார். அப்படியென்றால் இவருக்கு எல்லாம் காதில் விழுந்துதான் இருக்கிறது. அவன் போர்வையை இழுத்துவிட்டு, ஃபேனைக் குறைத்துவிட்டு, வாசல் அறைக்குப் போனான்.

வெகுநாளைக்குப் பிறகு வேலை கையில் ஓடியது. பாதியில் கிடந்த மோட்டாரைச் சுற்றி முடித்தான், வார்னிஷ் பூசினான், காயவைத்தான். உள்ளேயிருந்து சத்தமில்லை. தூங்கட்டும் என்று விட்டான். வெயில் சுவரில் சாய்ந்து இறங்கியபோது சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு, பழச்சாறு கலக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு கை நெஞ்சின்மேல் இருந்தது. அந்தக் கையைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. விரல்கள் சில்லென்று விறைத்திருந்தன. மாமா என்று கூப்பிட்டான். மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தான். மறுபடி கூப்பிட்டான். பழச்சாற்றைக் கீழே வைக்கக் குனிந்தபோதுதான் அது கண்ணில் பட்டது. படுக்கை நனைந்திருந்தது. இடுப்பிலிருந்து கீழே பைஜாமா, விரிப்பு, போர்வையின் ஓரம் எல்லாம்.

போனை எடுத்தான். மனைவியின் எண் வரை போய்விட்டு நிறுத்தினான். கூப்பிட்டால் மாடிவீட்டு அம்மா வருவாள், எதிர்வீட்டுக்காரர்கள் வருவார்கள், அவள் வருவாள். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

வெந்நீர் வைத்தான். ஈரத்துணியால் அவரைத் துடைத்தான். மடங்க மறுத்த காலை மெல்ல மடக்கி வேறு பைஜாமா மாட்டினான். ஓரமாகப் புரட்டி விரிப்பை உருவினான். மெத்தையைத் திருப்பிப்போட ஒரு ஆளால் முடியாது. இருந்தாலும் அவரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முழங்காலால் தள்ளித் தள்ளித் திருப்பினான். புது விரிப்புப் போட்டுப் படுக்கவைத்து, தலையைச் சீவி, வாயை மூடினான். நனைந்ததையெல்லாம் சுருட்டிப் பின்பக்கக் குழாயடிக்குக் கொண்டுபோனான். சோப்புத் தேய்க்கும்போதுதான் அழுகை வந்தது. அந்த மனிதரை அவனுக்கு அவ்வளவு பிடிக்கும் என்பது இன்று காலைவரை அவனுக்கே தெரியாது. துவைத்து, பிழிந்து, கொடியில் போட்டுவிட்டு வந்து மனைவிக்குப் போன் செய்தான்.

அவள் டிப்போச் சீருடையிலேயே வந்தாள். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்து அவர் நெற்றியில் கையை வைத்தவள் எடுக்கவில்லை. தெருமுனை டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தூக்கத்திலேயே இதயம் நின்றிருக்கிறது, வலி தெரிந்திருக்காது என்றார். வயதைக் கேட்டுத் தலையாட்டினார். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மருமகன் பக்கத்து வீடுகளிலிருந்து நாற்காலி வாங்கிப் போட்டான், போன் எடுத்தான், வழி சொன்னான். வருகிறவர்கள் எல்லோரும், எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறீர்கள், படுக்கையில் கிடந்தவர் மாதிரியே இல்லை என்று மகளிடம் சொன்னார்கள்.

எங்கப்பா கடைசிவரைக்கும் அப்படித்தான் என்றாள் அவள். அழுகைக்கு நடுவிலும் அதைச் சொல்லும்போது அவள் முகம் கொஞ்சம் நிமிர்ந்தது.

மாடிவீட்டு அம்மா நல்லதைத்தான் சொல்ல வந்தாள். மருமகன் மாதிரி யார் பார்ப்பார்கள், பாவம், பள்ளிக்கூடம் விடுகிற மணி அடித்த நேரத்தில்கூடக் குழாயடியில் விரிப்புத் துவைத்துக்கொண்டிருந்தார், மாடியிலிருந்து பார்த்தேன் என்றாள்.

பஸ் எப்போது கிளம்பியது, எப்போது வந்து சேர்ந்தது, நடுவில் எங்கே நின்றது என்று பார்ப்பதே மகளின் வேலை. பள்ளிக்கூட மணிக்கும் தனக்குப் போன் வந்த நேரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி அவள் முகத்தில் தெரிந்தது. எழுந்து வந்து சமையலறை வாசலில் அவனை நிறுத்தினாள். குரலை உயர்த்தவில்லை. தாமதமாக வந்த டிரைவரைக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"எனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடியா துவைச்சீங்க?"

"ஆமா."

"அப்பா போயிட்டாருன்னு தெரிஞ்சப்புறமா?"

அவன் தலையசைத்தான்.

"ஏன்?"

அவள் தோளுக்குப் பின்னால் கட்டில் தெரிந்தது. யாரோ பெரியவரின் காலருகே விரிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். சொல்லிவிடலாம். கோப்பை கோப்பையாகக் குடித்தார், என் கையால் குடித்தார், சிரித்தார், சாயங்காலம் உன் எதிரில் குடிக்கப்போவதாகச் சொன்னார் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். அவ்வளவு குடித்தது எங்கே போயிற்று என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

"தண்ணி கொட்டிடுச்சு" என்றான். "குடுக்கும்போது கை தட்டிடுச்சு. படுக்கையெல்லாம் ஈரம். நீ வந்து பாத்தா கஷ்டமா இருக்கும்னு..."

"அப்ப இன்னிக்கும் அவர் குடிக்கல."

"இல்ல."

அவள் அவனையே பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது அவனுக்கு.

"கடைசி நாள்கூட உங்களால ஒரு வாய் குடுக்க முடியல" என்றாள். திரும்பிப்போய் அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

யாரோ வந்து ஐஸ் பெட்டிக்காரருக்கு வீடு தெரியவில்லை என்றார்கள், அவன் போய்க் கூட்டிவந்தான். இன்னும் நாற்காலி வேண்டும் என்றார்கள், கொண்டுவந்தான். பெட்டிக்கு வயர் எட்டவில்லை. எக்ஸ்டென்ஷன் பெட்டி எடுத்துவந்து, ஸ்விட்ச் சூடாகிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, பெட்டி ஓடும் சத்தத்தைப் பழக்கத்தில் காதுகொடுத்துக் கேட்டான். மோட்டார் நன்றாகத்தான் இருந்தது.

எல்லாம் கொஞ்சம் ஓய்ந்ததும் பின்பக்கம் போனான். காற்றில் விரிப்பு கொடியிலிருந்து நழுவி மண்ணில் கிடந்தது. யாரோ அதன்மேல் மிதித்துப் போயிருந்தார்கள். எடுத்து உதறினான். மண் போகவில்லை. மறுபடியும் குழாயடிக்கே கொண்டுபோனான்.

உள்ளே யாரோ, மாப்பிள்ளை எங்கே, ஆளையே காணோம் என்று கேட்டார்கள். பின்னாடி தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதே என்றது வேறொரு குரல்.

அவன் குழாயைத் திருகி, சத்தம் வராமல் நூலாக ஒழுகும்படி வைத்துக்கொண்டு, விரிப்பை அலசத் தொடங்கினான்.